கை நீளம் பற்றி ஒரு புகார்

மருத்துவமனையின் துணிக்கிடங்கில் ஒரு மூன்றுபடி ஸ்டூல் உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதன்மேல் ஒருவரும் ஏறியதில்லை. முதல் படியில் தையல்காரரின் சாப்பாட்டு டப்பா, இரண்டாம் படியில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு, மேல் படியில் யாரோ எப்போதோ மறந்துவிட்டுப் போன குடை. கூரையைத் தொடும் அலமாரிகள் நாலு பக்கமும் நிற்கிற இடத்தில் ஒரு ஸ்டூலுக்கு இப்படியொரு சுகவாழ்வு கிடைத்ததற்குக் காரணம் தொரட்டியக்கா.

மரத்து உச்சியில் தொங்கும் காயைக் கீழே நின்றபடி பறிக்க உதவும் கொக்கிக் கழிக்குத் தொரட்டி என்று பேர். அதை அவளுக்கு முதலில் வைத்தது யார் என்பதில் மூன்றாம் வார்டுக்கும் ஐந்தாம் வார்டுக்கும் இன்னும் தகராறு தீரவில்லை. உயரம் என்னவோ ஐந்தடி ஒன்பதுதான். கைகள்தான் கட்டுக்கடங்காமல் வளர்ந்துவிட்டன. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முழங்காலைத் தொடும். காவியங்களில் இப்படிப்பட்டவர்களுக்கு ஆஜானுபாகு என்று மரியாதையாகப் பேர் வைத்து ஒரு ராஜ்ஜியத்தையும் கொடுத்தார்கள். இவளுக்குக் கிடைத்தது தொரட்டி என்ற பேரும் ஒரு துணிக்கிடங்கும்.

"அக்கா, மேல் தட்டுல சின்ன சைஸ் தலையணை உறை பத்து" என்று நர்ஸ் வாசலில் நின்று சொல்லி முடிப்பதற்குள் பத்து உறையும் நர்ஸின் கைக்கு வந்துவிடும். தொரட்டியக்கா அப்போது தையல்காரரோடு வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு நிற்காது, கை மட்டும் போய்விட்டு வரும். பீரோவுக்குப் பின்னால் விழுந்த டாக்டரின் சாவி, ஜன்னல் மேல் விளிம்பில் மாட்டிய குழந்தையின் பலூன், லிஃப்ட் வாசலில் அணைந்துபோன பல்பு, எதுவானாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். கையைக் கடன் கேட்டு வந்தவர்களில் ஒருவர்கூட அதன் நீளத்தைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

ஆனாலும் வேலை இல்லாத நேரத்தில் அவள் கைகட்டித்தான் நிற்பாள். பணிவு என்று புதிதாக வந்த டாக்டர்கள் நினைப்பார்கள். பணிவெல்லாம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

அவளுக்குப் பத்து வயதாகும்போது வகுப்புக்கு எறிபந்து சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வந்தார். முதல் நாள் ஆட்டத்தில் இவள் பக்கம் வந்த பந்து ஒன்றுகூடத் தரையைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் அழுதார்கள். மூன்றாம் நாள் அவர்களின் அம்மாக்கள் வந்தார்கள். நாலாம் நாள் டீச்சர் ஒரு நோட்டையும் பென்சிலையும் அவளிடம் கொடுத்து, "நீ வந்தா மத்தவங்க விளையாட மாட்டேங்கறாங்கம்மா. நீ ஸ்கோர் போடு, என்ன?" என்றார். ஏழு வருஷம் ஸ்கோர் போட்டாள். அவளுடைய முத்துமுத்தான கையெழுத்து அப்படி வந்ததுதான். மற்றவர்களின் ஆட்டத்தை அழகாக எழுதி எழுதி வந்த கையெழுத்து.

இப்போது நாற்பத்தொரு வயது. வீட்டில் பஸ் டிரைவர் கணவர், ஐந்தடி இரண்டு. ஒருநாள் நிறுத்தத்தில் நின்ற அவருடைய பஸ்ஸின் பக்கக் கண்ணாடி கோணலாகத் திரும்பியிருந்தது. அவர் ஜன்னல் வழியாக எக்கி எக்கிப் பார்த்தும் எட்டவில்லை. நடைமேடையில் நின்ற பெண் ஒருத்தி நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிச் சரிசெய்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி கைகட்டிக்கொண்டாள். "கண்ணாடியில முதல்ல தெரிஞ்சது அந்தக் கைதான். முகம் தெரியறதுக்குள்ளயே முடிவு பண்ணிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்லுவார். பிறகு, "வீட்ல ஏணி இல்ல பாருங்க" என்று சேர்த்துக்கொள்வார்.

இந்த வருஷம் மருத்துவமனை ஊழியர் விளையாட்டுப் போட்டிக்குப் பேர் கேட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். டென்னிகாய்ட் ஆட்டத்துக்குத் துணிக்கிடங்கிலிருந்து ஒருவரும் இல்லையே என்று தையல்காரர் விளையாட்டாக அவள் பேரை எழுதிவிட்டார்.

"அண்ணே, எனக்கு விளையாடவே தெரியாது" என்று பதறினாள்.

"என்ன பெரிய விளையாட்டு தங்கச்சி? ரப்பர் வளையத்தை வலைக்கு மேல எறியறான். கீழ விழாம ஒரு கையால பிடிச்சுத் திருப்பி எறியறே. தினமும் நீ பண்றதுதானே இது? தலையணை உறைக்குப் பதிலா வளையம்."

அவர் சொன்னதுதான் நடந்தது. எறிவதில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வளையம் குடைசாய்ந்த தட்டுபோல ஆடி ஆடிப் போகும். ஆனால் எதிரில் நிற்பவர் மூலையில் எறிந்தாலும் ஓரத்தில் எறிந்தாலும் அங்கே அவள் கை ஏற்கெனவே இருக்கும். மருந்தகத்துப் பெண் தோற்றாள். இயன்முறை சிகிச்சைப் பெண், உடற்பயிற்சியே தொழிலாகக் கொண்டவள், அவளும் தோற்றாள். சமையற்கூட மேற்பார்வையாளர் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே, "உன்னோட விளையாடறதும் சுவத்தோட விளையாடறதும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் தொரட்டியக்கா இறுதிப் போட்டிக்கு வந்து நின்றாள். வீட்டில் தட்டு மூடியை எறிந்து பழகியதில் இரண்டு டம்ளர் நசுங்கியது. கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டும் பென்சிலும் கொடுத்து உட்காரவைக்கப்பட்ட பெண் முப்பத்தொரு வருஷம் கழித்துக் கோட்டுக்குள்ளே கால் வைத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை அந்த இறுதி ஆட்டத்தை ஆடிவிட வேண்டும். ஜெயிப்பது தோற்பது அப்புறம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எதிரே இருந்தது எக்ஸ்ரே அக்கா.

எக்ஸ்ரே எடுக்கும் பிரிவில் இருபது வருஷம். டென்னிகாய்ட் கோப்பை ஆறு வருஷமாக அவள் மேஜையில். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி, அதைச் சொன்னால் பேச்சை நிறுத்திவிடுவாள். தினமும் காலை ஐந்தரை மணிக்கு ஆம்புலன்ஸ் கொட்டகையின் பின்சுவரில் வளையத்தை எறிந்து பழகுவாள். பதினாலு வருஷமாக அதே சுவர். அவள் நெஞ்சு உயரத்தில் சுவரின் பூச்சு வட்டமாகத் தேய்ந்து உள்ளே செங்கல் தெரிகிறது. மழை பெய்தால் குடைபிடித்துக்கொண்டு எறிவாள் என்று ஆம்புலன்ஸ் டிரைவர் சத்தியம் செய்வார்.

அப்படிப்பட்டவள் அரையிறுதி ஆட்டத்தை ஓரமாக நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு இயன்முறைப் பெண்ணிடம், "நான் பதினாலு வருஷமா பயிற்சி பண்றேன். இவ பொறந்ததே பயிற்சியா? இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டாள். இயன்முறைப் பெண் முந்தின சுற்றில்தான் தோற்றிருந்ததால் அவளுக்கும் அது நியாயமாகப் படவில்லை. எக்ஸ்ரே அக்கா நேராகத் தன் அறைக்குப் போய், கோபம் ஆறுவதற்குள் ஒரு கடிதம் எழுதினாள்.

"இறுதிப் போட்டியில் என்னோடு மோதவிருக்கும் துணிக்கிடங்குப் பணியாளருக்குக் கை நீளம். இது மருத்துவமனை முழுவதும் அறிந்த விஷயம். இதனால் பல பிரிவுகளும் இழப்பைச் சந்தித்துள்ளன. தாங்கள் தலையிட்டு விசாரித்து நியாயம் வழங்க வேண்டுகிறேன்."

விளையாட்டுக் குழுவின் பெட்டியில் போடவேண்டிய கடிதம் அது. வரவேற்பறையில் இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின, இரண்டும் பச்சை. மற்றது தலைமை அலுவலகத்துக்குப் போகிற புகார்ப் பெட்டி. கோபத்தில் இருப்பவர்களுக்குப் பச்சை எல்லாம் ஒன்றுதான்.

தமிழ் தெரிந்த எவரும் அந்தக் கடிதத்தை ஒரே விதமாகத்தான் படிப்பார்கள். கை நீளம் என்றால் கிடைத்ததைச் சுருட்டுகிறவர். அதுவும் துணிக்கிடங்கில். அதுவும் பல பிரிவுகளுக்கும் இழப்பு. செவ்வாய்க்கிழமை காலையிலேயே விசாரணை அதிகாரி வந்து இறங்கிவிட்டார். அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஏறியது: விசாரணை முடியும்வரை மேற்படி பணியாளர் கிடங்குப் பணியைத் தவிர வேறெந்த நிகழ்ச்சியிலும் கலந்துகொள்ளக் கூடாது.

தொரட்டியக்கா அதைப் படித்தாள். 'கை நீளம் குறித்த புகாரின்பேரில்' என்ற வரியில் அவள் கண் நின்றது. எக்ஸ்ரே அக்கா அரையிறுதி அன்று போட்ட சத்தம் கிடங்குவரை வந்து சேர்ந்திருந்தது. ஆக, அழுத பிள்ளைகளின் அம்மாக்கள் மறுபடி வந்துவிட்டார்கள். இனி யாராவது ஒரு நோட்டும் பென்சிலும் கொடுப்பார்கள்.

அதிகாரி பழைய பதிவேட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியானவர், சட்டைப்பையில் மூன்று பேனா. தொரட்டியக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் கை நீளம்னு ஒரு புகார் வந்திருக்கு."

"ஆமாங்க சார்."

அதிகாரி பேனாவைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். இருபத்தாறு வருஷ வேலையில் முதல் கேள்வியிலேயே ஒத்துக்கொண்ட ஆளை அவர் பார்த்ததில்லை.

"ஒத்துக்கறீங்களா?"

"இல்லன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா சார்? பாத்தாலே தெரியுதே."

"எப்போலேர்ந்து இந்த... பழக்கம்?"

"பழக்கமா? பொறவி சார். எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. தங்கச்சிக்கு மட்டும் இல்ல. அவ அம்மா மாதிரி."

அதிகாரி 'பரம்பரை' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?"

"அதப் பாத்துத்தானே சார் கட்டிக்கிட்டாரு! ஒத்தாசையா இருக்கும்னு."

"ஒத்தாசையா." அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "சரி. இங்க, கிடங்குல?"

"இங்கயும் தினமும்தான் சார். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் குடுத்துருவேன். நர்ஸுங்க, வார்டு ஆளுங்க..."

"டாக்டர்கள்?"

"போன வாரம்கூட பெரிய டாக்டர் வந்தாரு. 'உன்னை விட்டா யாரும்மா எனக்கு'ன்னாரு."

அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. சாதாரணத் தலையணை உறைத் திருட்டு என்று வந்தவர், மேலிடம்வரை கிளைவிட்ட ஒரு பெரும் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதாக உணர்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "அந்த ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைக்க யாரையாவது கூப்பிடுங்க" என்றார். சுவிட்ச் அவருக்குப் பின்னால், அலமாரிக்கு அந்தப் பக்கம், சுவரில் இருந்தது.

"எதுக்கு சார்?" என்று தொரட்டியக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே மேஜையின் குறுக்கே கையை நீட்டினாள். கை மேஜையைத் தாண்டியது. அதிகாரியின் தோளைத் தாண்டியது. அலமாரியைத் தாண்டி, சுவிட்சைத் திருகிவிட்டு, அவசரமில்லாமல் வந்த வழியே திரும்பிப் போனது.

அதிகாரி ரொம்ப நேரம் அந்தக் கை போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் காற்றில் அவர் எழுதிய தாள்கள் படபடத்தன.

"புகார்ல சொன்னது... இதுவா?"

"இதேதான் சார். வேற எது?"

கையும் களவுமாகப் பிடிக்க வந்தவருக்குக் கை மட்டும்தான் கிடைத்தது, களவைக் காணோம். அவர் விஷயத்தை மெல்ல விளக்கினார். தொரட்டியக்கா முதலில் சிரித்தாள். 'அதப் பாத்துத்தானே கட்டிக்கிட்டாரு' என்று தான் சொன்னது ஞாபகம் வந்து இன்னும் சிரித்தாள். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

"பத்தொம்பது வருஷம் சார். ஒரு கைக்குட்டைகூட..."

"தெரியுதும்மா."

"அப்ப முடிஞ்சுதா? சனிக்கிழமை ஆடலாமா?"

அதிகாரி மூன்று பேனாவையும் வரிசைப்படுத்தினார். "அதுல ஒரு சிக்கல் இருக்கு. இது திருட்டுப் புகார் இல்லன்னு நான் எழுதினா, அப்ப எதுக்குப் போனேன்னு கேப்பாங்க. புகாருக்கு எண் போட்டாச்சு. உங்களுக்குக் கை நீளமா இல்லையா, அதனால மத்தவங்களுக்கு நஷ்டமா இல்லையா? இதுக்குப் பதில் எழுதாம கோப்பை மூட முடியாது. எழுதறவரைக்கும் தடை தடைதான்."

"எப்ப எழுதுவீங்க?"

"விசாரிக்கணுமே. கை எத்தனை அங்குலம் வரைக்கும் நியாயம்னு எங்கயாவது விதி இருக்கான்னு பாக்கணும்."

தொரட்டியக்கா எழுந்தாள். அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் குரல் உயராது, முறையாகிவிடும். "சரிங்க சார். அப்ப விசாரணை முடியறவரைக்கும் நானும் கையை நீட்ட மாட்டேன்."

கிடங்குக்கு வந்து சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, குடை மூன்றையும் இறக்கி ஓரமாக வைத்தாள். ஸ்டூலைத் தூக்கி வாசலில் போட்டாள்.

தையல்காரருக்கு விஷயம் ஒரே வார்த்தையில் புரிந்துவிட்டது. கையால் எழுதி ஒரு அட்டையை ஸ்டூலில் தொங்கவிட்டார்: 'கை விசாரணையில் உள்ளது. ஏறி எடுத்துக்கொள்ளவும்.'

புதன்கிழமை மருத்துவமனை மெல்லத் தள்ளாடியது. மேல் தட்டுகளில் இருந்தவை எல்லாம் அவசரத்துக்கு வேண்டியவை. அவளுக்கு மேலென்ன கீழென்ன என்று பத்தொன்பது வருஷமாக அப்படியே அடுக்கிவைத்திருந்தாள். பிரசவ வார்டு நர்ஸ் ஸ்டூலில் ஏறி, இறங்கத் தெரியாமல் பத்து நிமிஷம் அங்கேயே நின்றாள். லிஃப்ட் வாசலில் பல்பு போனது. பெரிய டாக்டரின் சாவி மறுபடி பீரோவுக்குப் பின்னால் விழுந்தது. அவரே வந்து, "என்னம்மா இது, உன்னை விட்டா யாரு எனக்கு?" என்று ஆரம்பித்தார்.

"அந்த வாக்கியம் ஏற்கெனவே கோப்புல ஏறிடுச்சு சார். ஜாக்கிரதை" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி.

அதிகாரியும் வந்தார், அளவெடுக்க. தையல்காரர்தான் டேப் பிடித்தார். தொரட்டியக்கா அலமாரியோடு ஒட்டி நின்று இரண்டு கையையும் விரித்தாள். டேப் அறுபது அங்குலத்தோடு தீர்ந்துபோனது. தையல்காரர் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, மிச்சத்தைத் தனியாக அளந்தார். "எழுதிக்குங்க சார். எழுபத்தொம்பது. ரெண்டு பெட்ஷீட் காயப்போடலாம்." உயரத்தைவிடப் பத்து அங்குலம் கூட. அதிகாரி எழுதினார். எழுதியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் எக்ஸ்ரே அக்கா வந்தாள். அவளுக்கு வேண்டியது குழந்தைகளைப் படுக்கவைக்கும் சின்ன விரிப்பு. அது ஐந்தாம் தட்டில். வாசலில் அட்டையைப் படித்தாள். ஸ்டூலை அலமாரியடிக்கு இழுத்துப்போட்டு ஏறினாள். மூன்றாம் படியில் நின்று நுனிக்காலில் எக்கியும் இரண்டு சாண் குறைந்தது. தையல்காரர் ஊசியைப் பார்த்தார். தொரட்டியக்கா கைகட்டி நின்றாள்.

மேலே நின்றபடியே, திரும்பாமல், எக்ஸ்ரே அக்கா சொன்னாள்: "நான் உன்னைத் திருடின்னு எழுதல. பெட்டி மாறிப்போச்சு. பெட்டி மாறினதுல வார்த்தையும் மாறிப்போச்சு."

"தெரியும்க்கா. திருடின்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல."

"என்ன பேச்சு இது?"

"திருட்டுன்னா விட்டுரலாம். கையை நான் எங்க கொண்டுபோய் விடறது?"

எக்ஸ்ரே அக்கா ஸ்டூலின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்படி உட்கார்ந்தால்தான் இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் வந்தது.

"அது சரி. என் பக்கம் ஒருத்தராவது நின்னு பாத்தீங்களா? அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு, பதினாலு வருஷம். மழை, பனி, மூட்டு வலி. நீ மூணு வாரம். எறியக்கூடத் தெரியல. வளையம் தள்ளாடிக்கிட்டு வருது, பாக்கவே பாவமா இருக்கு. அதுகிட்டப் போய் நான் தோக்கணுமா? வயிறு எரியாதா?"

"எரியும்."

"எரியும்னு ஒத்துக்கறே!"

"ஒத்துக்காம? நான் ஏழு வருஷம் உக்காந்து ஸ்கோர் போட்டேன்க்கா. எனக்குத் தெரியாத வயித்தெரிச்சலா?"

தையல்காரர் இருமினார். எக்ஸ்ரே அக்கா விரிப்பு இல்லாமலே இறங்கிப் போனாள். நேராகப் பதிவேட்டு அறைக்குத்தான் போனாள்.

"சார், புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்."

"வாங்க முடியாதும்மா. எண் போட்டாச்சு. வேணும்னா வாக்குமூலம் குடுங்க. இவங்களுக்கு இயற்கையிலயே மத்தவங்களுக்கு இல்லாத ஒரு அனுகூலம் இருக்கு. அது நியாயமில்ல. இதானே உங்க கட்சி?"

"அதான்."

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

எக்ஸ்ரே அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள். அதிகாரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நீங்க இடது கையா?"

"ஆமா."

"விளையாடறதும்?"

"அதேதான். என் வளையம் எதிர்ப்பக்கமாச் சுத்திப் போகும். யாருக்கும் சரியாப் பிடிக்க வராது" என்று சொல்லும்போதே அவள் குரலில் ஒரு பெருமை எட்டிப்பார்த்தது.

"அதுக்கு எத்தனை வருஷம் பயிற்சி பண்ணீங்க?"

"இதுக்கு எதுக்கு சார் பயிற்சி? பொறவி..."

வார்த்தை பாதி வழியில் நின்றுவிட்டது. விதியைத் தேடித் தேடிக் கண் சிவந்துபோன மனுஷன், பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அந்தக் கையெழுத்தை அடிச்சிருங்க" என்றாள் கடைசியில். "வேற எழுதுங்க. அவளுக்குக் கை நீளம்தான். ஆனா அது அவ கை. அடுத்தவங்களோடது இல்ல."

அதிகாரி எழுதினார்.

"அதுக்காக எனக்கு வயித்தெரிச்சல் தீர்ந்துபோச்சுன்னு எழுதிடாதீங்க."

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா."

வெள்ளிக்கிழமை பலகையில் இரண்டாம் காகிதம் ஏறியது. 'புகார் உண்மை. குற்றம் ஏதுமில்லை.' ஒரு மணி நேரத்தில் லிஃப்ட் வாசல் பல்பு எரிந்தது. சாப்பாட்டு டப்பா ஸ்டூலுக்குத் திரும்பியது. எக்ஸ்ரே அறை வாசலில் சின்ன விரிப்புகள் பத்து, மடிப்புக் கலையாமல் காத்திருந்தன.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் கொட்டகைக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் நடுவில் ஆட்டம். நடுவர் ஆம்புலன்ஸ் டிரைவர். முந்தின நாளே ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டிய அதிகாரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர் கணவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்; முன்னால் நின்றவர்கள் மறைத்ததால் தையல்காரரின் ஸ்டூலில் ஏறி நின்றார். அவர்தான் அந்த ஸ்டூலுக்குக் கிடைத்த முதல் உற்சாகமான பயணி.

எக்ஸ்ரே அக்கா யோசித்துவிட்டு வந்திருந்தாள். மூலைக்கும் ஓரத்துக்கும் ஒன்றுகூட எறியவில்லை. எல்லாம் நேராக நெஞ்சுக்கு, இடுப்புக்கு, முழங்காலுக்கு. அவ்வளவு நீளக் கையைப் பக்கத்தில் வருகிற வளையத்துக்காக மடக்குவது, சின்ன அறைக்குள் பெரிய குடையை மடக்குவதுபோல இருந்தது. பத்துக்கு நாலு என்று பின்தங்கினாள் தொரட்டியக்கா. "மடக்காதே! பின்னால போ, பின்னால!" என்று கணவர் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற குரலில் கத்தினார். பின்னால் போனாள். இடம் கிடைத்ததும் கை விரிந்தது. பத்துக்கு ஒன்பது. பதினைந்துக்குப் பதினைந்து. ஆள் மாற்றி ஆள் கை ஓங்கி, கடைசியில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. இருபத்தொன்றுக்கு ஆட்டம்.

அடுத்த புள்ளி தொரட்டியக்காவுக்கு. இருபது. இன்னும் ஒன்று.

எக்ஸ்ரே அக்கா வளையத்தை வலையை ஒட்டி, மெதுவாக, இடது பக்கச் சுழற்சியோடு போட்டாள். அவளுடைய ஆறு கோப்பைக்கும் காரணமான எறி அது. வலை உச்சியைத் தாண்டியதும் அப்படியே செத்து விழும். தொரட்டியக்கா ஓடவில்லை, சாய்ந்தாள். கை போனது. வளையம் விழுவதற்கு முன்னால் விரலில் மாட்டி, அதே வேகத்தில் எதிர்ப்பக்கத்தில் விழுந்து உருண்டது.

கிடங்குப் பக்கம் கூச்சல். கணவர் ஸ்டூலிலிருந்து குதித்தார். நடுவர் கையை உயர்த்தப் போனார்.

வலைக்கு மேலாகக் கை அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. வளையத்தைப் பிடித்தபோது தன் விரல்கள் எங்கே இருந்தன என்று தொரட்டியக்காவுக்குத் தெரியும். நடுவர் நின்ற இடத்துக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். எக்ஸ்ரே அக்காவின் வாய் திறந்தது. பிறகு, கையைப் பற்றி இனி ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று தீர்மானித்தவள்போல, மூடிக்கொண்டது.

மூடிய வாயைத் தொரட்டியக்கா பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அண்ணே" என்று நடுவரைக் கூப்பிட்டாள். "கை தாண்டிருச்சு."

"நான் பாக்கலையேம்மா."

"நீளமான கை, பாதிக்கு மேல பாத்திருக்க மாட்டீங்க. நான் நுனி வரைக்கும் பாத்தேன்."

"ஏய், எனக்குப் பிச்சை போடறியா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து எக்ஸ்ரே அக்கா சீறினாள்.

"பிச்சையெல்லாம் இல்லக்கா. இத எடுத்துக்கிட்டா உங்க கடிதத்துக்கு அந்தப் பழைய அர்த்தம் வந்துரும். சார் மறுபடி கோப்பைத் திறக்கணும். பாவம், பேனா மையெல்லாம் தீர்ந்துபோச்சு."

அதிகாரி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. எக்ஸ்ரே அக்காவுக்குச் சிரிக்கப் பிடிக்கவில்லை, உதடு கேட்கவில்லை.

இருபதுக்கு இருபது. இனி ஜெயிக்க இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். அடுத்த இரண்டு புள்ளியையும் எக்ஸ்ரே அக்கா ஈவிரக்கம் இல்லாமல் எடுத்தாள். ஒன்று முழங்காலுக்கு, ஒன்று நெஞ்சுக்கு. ஏழாவது கோப்பை.

கணவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். என்ன சொல்வது என்று பஸ் நிறுத்தத்திலிருந்தே யோசித்துவைத்த இரண்டு வசனங்களில் ஒன்று ஜெயித்தால், ஒன்று தோற்றால். அவள் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் ஒத்துவரவில்லை. வேர்த்து விறுவிறுத்து, இரண்டு கையையும் கொடியில் போட்ட துணிபோல வலைக்கம்பியில் விரித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். சும்மா நிற்கிற நேரத்தில் அவள் கைகட்டாமல் இருந்து அவர் பார்த்ததே இல்லை.

"ஸ்கோர் என்னங்க?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா?"

"யாரோ எழுதியிருப்பாங்கல்ல. சொல்லுங்க, கேக்கணும்."

"இருபத்திரண்டு - இருபது."

"இருபது" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எக்ஸ்ரே அக்கா கோப்பையைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தாள். வந்தவள் நேராக வசைபாட ஆரம்பித்தாள். "என்ன எறியறே நீ? மணிக்கட்டை மடக்கணும்னு யாருமே சொல்லித்தரலையா? வளையம் பூரா தள்ளாட்டம். அந்தக் கைக்கு அவமானம். திங்கட்கிழமை அஞ்சரைக்குக் கொட்டகைச் சுவத்துக்கிட்ட வா."

"நான் சரியா எறியக் கத்துக்கிட்டா உங்களுக்குத்தான் ஆபத்து அக்கா."

"தெரியும். அப்ப இன்னொரு புகார் எழுதுவேன்."

"கை நீளம்னா?"

"சேச்சே. இந்தத் தடவை அங்குலத்துல எழுதிடறேன்" என்றாள் எக்ஸ்ரே அக்கா. நாலடி போனவள் திரும்பி வந்தாள். "எழுபத்தொம்பதுதானே?"

"எழுபத்தொம்பது."

"இடது கையால எழுதறேன், சரியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, கோப்பையை அவளிடம் நீட்டினாள். "இந்தா, இத எங்க ரூம்ல அந்த மேல் தட்டுல வச்சிட்டுப் போ. எனக்கு எட்டாது."